மாமரப் பட்டையில் வளரும் வாண்டா

ஓசூர் என்றாலே பூ வியாபாரிகளுக்கு நினைவுக்கு வருவது பசுமைக்குடில் ரோஜா. ஆர்க்கிட் வளர்க்க வேண்டுமானால் அதைவிடப் பெரிய ஏற்பாடு வேண்டும், எந்நேரமும் ஈரம் சொட்ட வேண்டும் என்று பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். கடைகளில் தொட்டியில் விற்கும் பெலனாப்சிஸைப் பொறுத்தவரை அந்தத் தயக்கம் நியாயமானதே. அதன் காட்டு உறவினங்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா போன்ற நாடுகளின் நிழலடர்ந்த ஈரக்காடுகளைச் சேர்ந்தவை. ஆனால் வெப்பமண்டலம் முழுவதும் மழைக்காடு அல்ல. ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழையும், நீண்ட கோடையும் கொண்ட கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்துக்குப் பொருந்திய ஆர்க்கிட் ஒன்று இருக்கிறது. வாண்டா டெசல்லாட்டா என்பது அதன் பெயர். வில்லியம் ராக்ஸ்பரோ 1795-இல் சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலில் இதை விவரித்தார். மஞ்சள் கலந்த பச்சை இதழில் பழுப்புக் கட்டங்கள், நீலமோ ஊதாவோ படர்ந்த உதடு, நல்ல மணம். இந்தச் செடிக்கு ஈரம் எவ்வளவு தேவையோ, நனைந்தபின் காய்வதும் அவ்வளவு தேவை.

அதன் வேரே இதற்குச் சான்று. தென்னிந்தியாவின் வறண்ட இலையுதிர் காடுகளிலும் தோப்புகளிலும், மா போன்ற மரங்களின் சொரசொரப்பான பட்டையைப் பற்றிக்கொண்டு இது வளர்கிறது. தடித்த வேரைச் சுற்றி இறந்த செல்களாலான ஓர் உறை உண்டு, வெலாமென் என்பார்கள். காய்ந்திருக்கும்போது அது வெள்ளி வெள்ளையாகத் தெரியும். மழைத்துளி பட்டதும் பஞ்சைப்போல் நீரையும், பட்டை வழியே கரைந்துவரும் உப்புகளையும் உறிஞ்சிக்கொள்ளும். உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். அந்த உறை நாள்முழுக்க நனைந்தே கிடந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகிவிடும். இலையும் சிக்கனக்காரிதான். வாண்டா இனங்கள் பகலில் இலைத்துளைகளை மூடி, இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவைச் சேமித்துக்கொள்கின்றன. வறட்சியை எதிர்கொள்ளவே அமைந்த உடல் இது. மண் நிரப்பிய தொட்டி அதற்குச் சிறை.

மரத்தின் சத்தை இது உறிஞ்சிவிடாதா என்று மாந்தோப்புக்காரர்கள் கேட்கலாம். புல்லுருவியால் பட்ட அனுபவம் அப்படிக் கேட்கவைக்கிறது. புல்லுருவி கிளைக்குள் துளைத்துச் சாற்றைத் திருடுவது. வாண்டாவின் வேரோ பட்டையின் மேலோடு நின்றுவிடுகிறது. காட்டில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லையே, வீட்டில் மட்டும் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. காட்டுச்செடியின் வேர்கள் பட்டையெங்கும் படர்ந்து பனியையும் பிடித்துக்கொள்ளும். மாடியில் தொங்கும் செடிக்கு வேர் குறைவு, சிமென்ட் சுவரின் அனலோ அதிகம். அதனால் கோடையில் தினமும் காலையில் வேர் பச்சையாகும்வரை நனைத்து, இருட்டுமுன் காயவிட வேண்டும். மரச்சட்டக் கூடையில் கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் போதும். வெளிச்சம் தாராளமாக வேண்டும். இலை கரும்பச்சையானால் நிழல் மிகுதி, பூ வராது.

இவ்வளவு பொருத்தமானதென்றால் ஓசூர்ப் பக்கத்து மேலகிரிக் காட்டிலிருந்தே எடுத்துவரலாமே என்று தோன்றினால், அது சட்டத்துக்கும் செடிக்கும் எதிரானது. தூசிபோன்ற ஆர்க்கிட் விதையில் சேமித்த உணவு இல்லை. காட்டில் அதற்கேற்ற பூஞ்சை கிடைத்தால்தான் முளைக்கும். பிடுங்கிய ஒரு செடியின் இடத்தை இன்னொன்று நிரப்பப் பல ஆண்டுகள் ஆகும். சர்க்கரை கலந்த அகாரில், பூஞ்சையின்றியே விதையை முளைக்கவைக்கலாம் என்று லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டிவிட்டார். ஆகவே குடுவையில் வளர்த்த நாற்றை நர்சரியில் கேட்டு வாங்குவதே முறை. காட்டு ஆர்க்கிட்களைப் பார்த்துப் பழக, சேலம் வழியாகப் போனால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது.