தள்ளுபடி லேப்டாப்: எந்தப் பாகத்தில் விலை குறைந்தது?

ஆடித் தள்ளுபடி, தீபாவளி, இணையக் கடைகளின் திருவிழா விற்பனை என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை லேப்டாப் விலைகள் இறங்குகின்றன. விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் மாணவி, கல்யாண வீடியோ எடிட் செய்யும் இளைஞர், இரவில் நண்பர்களோடு வேலரண்ட் ஆடும் பையன் ஆகிய மூவரும் பார்ப்பது ஒரே விளம்பரத்தைத்தான். மூவருக்கும் கடையில் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "கேமிங் லேப்டாப் வாங்கிடுங்க, எல்லாம் ஓடும்." எல்லாம் ஓடும் என்பது உண்மை. ஆனால் மாணவிக்குத் தேவையான நிறமும், எடிட்டருக்குத் தேவையான நினைவகமும், பையனுக்குத் தேவையான வேகமும் ஒரே விலையில் ஒரே பெட்டிக்குள் அடங்குவது அரிது.

விலை இறங்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, தலைமுறை மாற்றம். ஆண்டுதோறும் ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடக்கும் சிஇஎஸ் கண்காட்சியில் புதிய சிப்புகள் அறிவிக்கப்படுகின்றன. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை லேப்டாப் சிப்புகள் 2023இலும், 50 வரிசை 2025இலும் அங்கேதான் அறிமுகமாயின. புதியது கடைக்கு வரும்போது பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறார்கள். இது வாங்குபவருக்கு நல்ல தள்ளுபடி. இரண்டு வருடம் முந்தைய சிப் என்பதால் அதன் திறன் குறைந்துவிடுவதில்லை.

இரண்டாவது காரணத்தில்தான் கவனம் வேண்டும். விலை குறைவாக இருக்கவேண்டும் என்று தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ப ஒரு பாகத்தில் கைவைப்பார்கள். ப்ராசசர் பெயர், கிராபிக்ஸ் கார்டு பெயர், ரேம் அளவு மூன்றும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதால் அவற்றைத் தொடமாட்டார்கள். திரையின் நிறம், கிராபிக்ஸுக்குப் போகும் மின்சாரம், வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடு ஆகியவற்றில் குறைத்தால் யாருக்கும் உடனே தெரியாது. நாம் பார்க்க வேண்டியது அங்கேதான்.

இரண்டு வகை உழைப்பு

விளையாட்டில் கணினிக்குக் கெடு உண்டு. நொடிக்கு 60 காட்சிகள் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிநொடிதான் கிடைக்கும். 144 காட்சிகள் என்றால் 7 மில்லிநொடிகூட இல்லை. அதற்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ப்ராசசர் கணக்கிட்டு, கிராபிக்ஸ் சிப் அதை வரைந்து முடிக்க வேண்டும். தாமதமாக வரும் காட்சியால் பயனில்லை. நிறம் கொஞ்சம் மங்கியிருந்தால் பரவாயில்லை. அடுத்த கணமே அந்தக் காட்சி மறைந்துவிடும்.

படைப்பு வேலையில் இது தலைகீழ். ஒரு வீடியோ ரெண்டர் ஆக இரண்டு நிமிடம் கூடினால் ஆட்டம் தோற்காது. ஆனால் அந்த வீடியோ வாடிக்கையாளரின் வீட்டில் பல வருடங்கள் இருக்கும். நிறம் தவறினால் கடைசிவரை தவறுதான். வேலையின் நடுவே நினைவகம் நிரம்பி மென்பொருள் நின்றுபோனால் அன்றைய உழைப்பே போய்விடும்.

திரை

விலை குறைந்த கேமிங் லேப்டாப்பின் விவரப் பட்டியலில் '45% என்டிஎஸ்சி' என்று ஒரு வரி இருக்கும். என்டிஎஸ்சி என்பது 1953இல் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்கு வகுத்த நிற எல்லை. இன்று இணையமும் பெரும்பாலான ஃபோட்டோ லேப்களும் எதிர்பார்ப்பது எஸ்ஆர்ஜிபி என்ற வேறொரு எல்லை. ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996இல் முன்வைத்தது. அதன் பரப்பு என்டிஎஸ்சியில் ஏறக்குறைய 72%. எனவே 45ஐ 72ஆல் வகுத்தால் கிடைப்பது, அந்தத் திரை காட்டக்கூடிய எஸ்ஆர்ஜிபி நிறங்களின் அளவு: சுமார் 62%. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நிறங்கள் அந்தத் திரையில் தெரியவே தெரியாது.

இதன் விளைவைக் கல்யாண ஆல்பம் செய்பவர்கள் உடனே உணர்வார்கள். முகூர்த்தப் புடவையின் அரக்குச் சிவப்பு அந்தத் திரையில் வெளிறித் தெரியும். சரிசெய்வதாக நினைத்து நிறத்தை ஏற்றுவார்கள். அதே படம் நல்ல போனில் திறக்கும்போது மணப்பெண்ணின் முகம் ஆரஞ்சாக எரியும். ஆகவே படம், வீடியோ, வடிவமைப்பு வேலை செய்பவர்கள் '100% எஸ்ஆர்ஜிபி' என்ற சொல்லைத் தேடிப் பிடிக்க வேண்டும். திரைப்பட நிற வேலைக்கு டிசிஐ-பி3 எல்லையை எட்டும் திரை இன்னும் நல்லது. வெளிச்சம் 300 நிட்ஸுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஜன்னலோரம் வேலை என்றால் 400 வேண்டும். ஓஎல்இடி திரையின் நிறமும் கருமையும் அருமையானவை. ஆனால் எடிட்டிங் மென்பொருளின் பட்டைகள் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் வேலையில், காலப்போக்கில் அவற்றின் தடம் திரையில் படிந்துவிடும் வாய்ப்பு உண்டு.

விளையாடுபவர்கள் பார்க்க வேண்டியது வேறு. 144 ஹெர்ட்ஸ் என்ற எண் மட்டும் போதாது. அந்தத் திரையின் புள்ளிகள் நிறம் மாற 25 மில்லிநொடி எடுத்தால், ஒரு காட்சி மறைவதற்குள் அடுத்தடுத்த மூன்று காட்சிகள் வந்துவிடும். ஓடும் உருவத்துக்குப் பின்னால் நிழல் இழுபடும். புள்ளிகள் மாறும் இந்த வேகத்தையும் விவரப் பட்டியலில் தேடிப் பார்க்க வேண்டும். மக்ஸ் ஸ்விட்ச் என்ற வசதி இருந்தால் கிராபிக்ஸ் சிப்பிலிருந்து படம் நேராகத் திரைக்குப் போகும். இல்லாவிட்டால் ப்ராசசருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ் வழியாகச் சுற்றிப் போகும். வேகமான ஆட்டங்களில் அந்த வேறுபாடு தெரியும்.

கிராபிக்ஸ்: பெயருக்குப் பின்னால் வாட்

ஆர்டிஎக்ஸ் 4060 என்ற பெயர் இரண்டு லேப்டாப்களில் இருந்தால் இரண்டும் சமம் என்று நினைத்துவிடுகிறோம். லேப்டாப்பில் வரும் இந்த சிப்பை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் இயக்க என்விடியா அனுமதிக்கிறது. குறைந்த வோல்டேஜில் ஓடும் பம்புசெட் அதே கிணற்றிலிருந்து குறைவான தண்ணீரையே இறைப்பதுபோல, குறைந்த வாட்டில் அதே சிப் குறைவாகவே வரையும். 115 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 4050, மிகக் குறைந்த வாட்டில் ஓடும் 4060ஐ முந்திவிட முடியும். மெல்லிய, அழகிய 'கிரியேட்டர்' லேப்டாப்களில் பெரும்பாலும் வாட் குறைவு. தடிமனான கேமிங் லேப்டாப்களில் கூடுதல். விளம்பரத்தில் இந்த எண் இல்லாவிட்டால் நிறுவனத்தின் இணையதளத்தில் டிஜிபி என்ற தலைப்பில் தேடலாம்.

அடுத்தது விராம், அதாவது கிராபிக்ஸ் சிப்புக்கென்றே ஒதுக்கிய நினைவகம். தள்ளுபடியில் அதிகம் விற்கும் ஆர்டிஎக்ஸ் 3050இல் பல மாடல்களுக்கு 4 ஜிபிதான். 4050இல் 6 ஜிபி, 4060இல் 8 ஜிபி. விளையாட்டில் விராம் போதாவிட்டால் செட்டிங்ஸில் ஒரு படி இறக்கினால் போதும். பிளெண்டரில் முப்பரிமாணக் காட்சி ஒன்று விராமில் அடங்காவிட்டால் ரெண்டர் இழுபடும் அல்லது நின்றுபோகும். டாவின்சி ரிசால்வில் 4கே வீடியோவுக்கு இரைச்சல் நீக்கும்போது ஜிபியூ நினைவகம் நிரம்பிவிட்டது என்ற செய்தி வந்து நிற்கும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4070இலும் 8 ஜிபிதான். 4060இலிருந்து 4070க்குப் போக கூடுதல் பணம் கொடுக்கும் படைப்பாளி வேகத்தை வாங்குகிறார், கொள்ளளவு கூடுவதில்லை. அந்தப் பணத்தை ரேமிலோ திரையிலோ போடுவது நல்லது.

ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா ஆகியவற்றோடு வேலை முடிந்துவிடுமென்றால் தனி கிராபிக்ஸ் கார்டு அவசியமே இல்லை.

ப்ராசசர்: எண்களை வாசிக்கும் விதம்

இன்டெல் பெயர்களின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'யு' என்றால் அடிப்படை 15 வாட், பேட்டரியை மிச்சப்படுத்தும் சிப். 'ஹெச்' என்றால் பெரும்பாலும் 45 வாட், நீண்ட நேரக் கடின வேலைக்கானது. ஐ5-1235யுவில் 10 கோர்கள், ஐ5-12450ஹெச்சில் 8. எண்ணிக்கையைப் பார்த்து முதலாவதை எடுத்தால் ஏமாற்றம்தான். அதில் வலுவான கோர்கள் இரண்டு, மற்றதில் நான்கு.

ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்லும். ரைசன் 5 7520யு புதிய பெயர். அதற்குள் இருப்பது 2019இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. 7540யு என்றால் ஜென் 4. இரண்டும் 'ரைசன் 5, 7000 வரிசை' என்றே விளம்பரமாகும்.

வீடியோ எடிட்டர்களுக்கு இன்னொரு செய்தி. இன்றைய சோனி, கேனன் மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் ஹெச்.265 கோடெக்கில் 10-பிட் 4:2:2 என்ற வகையில் பதிவு செய்யலாம். இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதல், ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் இந்தக் கோப்புகளை நேரடியாக விரித்துக் காட்டும். என்விடியாவில் அந்தத் திறன் 50 வரிசையில்தான் வந்தது. ஆகவே பழைய தலைமுறைத் தள்ளுபடியில் இன்டெல்லும் ஆர்டிஎக்ஸ் 40உம் சேர்ந்த லேப்டாப், டைம்லைனில் திணறாமல் ஓடும். ரைசனோடு ஆர்டிஎக்ஸ் 40 சேர்ந்ததில் பிராக்ஸி கோப்புகள் (எடை குறைந்த நகல்கள்) செய்துகொண்டுதான் எடிட் செய்யவேண்டி வரலாம். விளையாட்டுக்கு இதனால் எந்த வேறுபாடும் இல்லை.

பிறகு மாற்றக்கூடியவை, மாற்ற முடியாதவை

திரை, கிராபிக்ஸ், ப்ராசசர் மூன்றையும் வாங்கிய பிறகு மாற்றுவது நடைமுறையில் முடியாது. எஸ்எஸ்டியை மாற்றலாம், பல கேமிங் லேப்டாப்களில் இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடமும் உண்டு. ரேமில் இரண்டு வகை. கழற்றி மாட்டக்கூடியது என்றால், ஒற்றை 8 ஜிபி குச்சியோடு வாங்கி இன்னொன்றைப் பிறகு சேர்க்கலாம். இரண்டு குச்சிகள் சேர்ந்து வேலை செய்யும்போது விளையாட்டின் வேகமும் கூடும். போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது என்றால் வாங்கும் நாளில் உள்ளதுதான் கடைசிவரை. விளையாட்டுக்கு 16 ஜிபி போதும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பெரிய பிளெண்டர் வேலைகளுக்கு 32 வரை போக வழி இருக்க வேண்டும்.

ஆப்பிள் மேக்புக் ஏரில் எதையுமே மாற்ற முடியாது. 2020இல் வந்த எம்1 ஏர் இன்றும் தள்ளுபடியிலும் பழைய சந்தையிலும் கிடைக்கிறது. திரை நல்ல நிறம் காட்டும், ஃபேன் கிடையாது, பேட்டரி நீண்டு உழைக்கும். புகைப்படத்துக்கும் அளவான வீடியோ வேலைக்கும் ஏற்ற இயந்திரம். விளையாட்டுகள் மிகக் குறைவு. ஆனால் 8 ஜிபி மாடலை எடுத்தால் அதோடு நிற்கவேண்டியதுதான். 2024 அக்டோபரில் ஆப்பிள் ஏர் வரிசையின் தொடக்க ரேமை 16 ஜிபியாக உயர்த்தியது. அதற்குப் பின் வந்த எம்2, எம்3 மாடல்கள் குறைந்த விலையில் கிடைத்தால் அவற்றைத் தேர்வது நல்லது.

பேட்டரியில் ஓடும் திறனும் ஃபேன் சத்தமும் மாற்ற முடியாதவற்றில் சேரும். கேமிங் லேப்டாப்பின் முழு வேகம் சுவரில் செருகியிருக்கும்போது மட்டுமே கிடைக்கும். பேட்டரியில் கிராபிக்ஸின் வாட் வெகுவாக இறங்கிவிடும். மண்டபத்தில் உட்கார்ந்து அன்றைக்கே ஹைலைட்ஸ் வெட்டிக் கொடுப்பவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டு அறையில் குரல் பதிவு செய்பவருக்கு ஃபேன் சத்தமே பெரிய எதிரி.

யாருக்கு எது

வீட்டு மேசையில் ஓரிடத்தில் அமர்ந்து எடிட்டிங், பிளெண்டர், விளையாட்டு மூன்றும் செய்பவருக்கு என் பரிந்துரை தள்ளுபடியில் வரும் கேமிங் லேப்டாப்தான். கிராபிக்ஸ் வாட் உயர்ந்திருக்கட்டும், விராம் 8 ஜிபி இருக்கட்டும். திரை சுமாராக இருந்தாலும் 100% எஸ்ஆர்ஜிபி மானிட்டர் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டு அலைபவருக்கும், நிறத்தையே நம்பிப் பிழைப்பவருக்கும் நல்ல திரையுள்ள கிரியேட்டர் லேப்டாப் அல்லது மேக்புக். விளையாட்டு மட்டுமே என்றால் வாட், திரையின் வேகம், குளிர்விப்பு ஆகிய மூன்றுக்கும்தான் முதல் மதிப்பெண்.

விலையைப் பொறுத்தவரை எம்ஆர்பியோடு ஒப்பிட்டுச் சொல்லும் '45% தள்ளுபடி'யை நம்பவேண்டாம். ஆண்டு முழுக்க அந்த விலைக்கு யாரும் விற்பதில்லை. கடந்த சில மாதங்களில் அதே மாடல் என்ன விலைக்குப் போனது என்று பார்த்தால் உண்மை தெரியும். வங்கிக் கார்டுச் சலுகை, எக்ஸ்சேஞ்ச் இரண்டையும் கழித்த விலை எல்லோருக்கும் கிடைக்கும் விலை அல்ல என்பதையும் மறக்கக்கூடாது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய லேப்டாப் வாங்குபவர்கள் ப்ராசசரின் தலைமுறையைக் கேளுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது; இன்டெல்லில் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய சிப்புகளை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்பதில்லை. அலுவலகங்களிலிருந்து வரும் டெல் பிரிசிஷன், ஹெச்பி இசட்புக் போன்ற வொர்க்ஸ்டேஷன்கள் அதற்குப் பிந்தைய தலைமுறையாக இருந்தால், வடிவமைப்பு மாணவர்களுக்கு நல்ல வாய்ப்பு.

பெட்டி வீட்டுக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மூன்று சோதனைகள் செய்துவிடுங்கள். திரை முழுக்க வெள்ளை, கருப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக நிரப்பிச் செத்த புள்ளிகளைத் தேடுங்கள். சார்ஜரில் செருகி அரை மணி நேரம் ஆடி, கிராபிக்ஸ் எத்தனை வாட்டில் நிலைக்கிறது என்று பாருங்கள். முதல் ஐந்து நிமிடத்து எண்ணை நம்பாதீர்கள். உங்கள் கேமராவில் நீங்கள் எடுத்த கோப்பையே டைம்லைனில் போட்டு ஓட்டிப் பாருங்கள். மூன்றில் எதிலாவது தேறாவிட்டால், எவ்வளவு மலிவாகக் கிடைத்திருந்தாலும் தயங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.