ரிட்டயர் ஆன அப்பாவின் பென்ஷனுக்கு வருமான வரி உண்டா?

"பென்ஷன்தானே, அதுக்கு எதுக்குப்பா டேக்ஸ்?" ரிட்டர்ன் தாக்கல் சீசனில் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது. வரிச் சட்டத்தின் பார்வையில், அரசு ஊழியரின் மாத ஓய்வூதியமும் 'சம்பளம்'தான். அகவிலைப்படியும் சேர்த்தே கணக்கு.

ஓய்வு பெறும்போது மொத்தமாக வரும் பணம் வேறு கதை. பணிக்கொடை, சேர்த்துவைத்த விடுப்புக்கான பணம், ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே வாங்கும் கம்யூட்டேஷன் தொகை... மத்திய, மாநில அரசு ஊழியர்களுக்கு இந்த மூன்றுக்கும் வரி கிடையாது. தனியார் வேலையில் இருக்கும் நமக்கோ பணிக்கொடைக்கு 20 லட்சம், விடுப்புப் பணத்துக்கு 25 லட்சம் என உச்சவரம்பு உண்டு. (பொறாமைப்பட்டு என்ன ஆகப்போகிறது!)

கம்யூட்டேஷன் வாங்கியவர்களுக்கு அந்தப் பகுதி மாதாமாதம் பிடிக்கப்படும். பிடித்தம் போக வரும் ஓய்வூதியத்துக்குத்தான் வரி. படிவம் 16-ல் முழுத்தொகையைக் காட்டியிருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள்.

வரியில்லாமல் வந்த பணத்தை அப்படியே வங்கியில் எஃப்.டி. போடுகிறோம் இல்லையா, அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அசலுக்கு வரியில்லை, வட்டிக்கு உண்டு. உதாரணத்துக்கு, அப்பாவுக்கு மாதம் 45,000 ரூபாய் பென்ஷன் என்றால் ஆண்டுக்கு 5.40 லட்சம். புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போனால் 4.65 லட்சம். 40 லட்சம் டெபாசிட்டுக்கு 7% வட்டி என்றால் 2.80 லட்சம். மொத்தம் 7.45 லட்சம்.

2025-26 நிதியாண்டு வருமானத்துக்கு, புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அப்பா கட்டவேண்டிய வரி பூஜ்யம். ஆனால் 4 லட்சத்தைத் தாண்டியதால் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆகவேண்டும். "வரியே இல்லை, அப்புறம் எதுக்கு ரிட்டர்ன்?" என்று விட்டுவிட்டால் நோட்டீஸ் வரலாம். 60 வயதைத் தாண்டியவருக்கு, ஒரே வங்கியில் ஆண்டு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால் 10% டி.டி.எஸ். பிடிப்பார்கள். இந்த நிதியாண்டுக்குப் படிவம் 15எச் கொடுத்திருந்தால் அது தவிர்க்கப்பட்டிருக்கும். கொடுக்கவில்லையா? அந்தப் பணத்தைத் திரும்பப் பெற ரிட்டர்ன்தான் வழி.

அப்பா இல்லாமல் போய், அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும்போது கணக்கே மாறிவிடுகிறது. அம்மா அரசிடம் வேலை பார்த்தவர் இல்லை என்பதால், அது சம்பளம் ஆகாது, 'இதர வருமானம்'. எனவே 75,000 கழிவு கிடைக்காது. ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் கழிவு. பழைய முறை என்றால் 25,000-க்குப் பதில் 15,000. அப்பாவின் பழைய ரிட்டர்னைப் பார்த்து அப்படியே சம்பளப் பகுதியில் நிரப்பினால் தப்பாகிவிடும்.

அப்பா இறந்த ஆண்டில் இரண்டு ரிட்டர்ன் தேவைப்படலாம். இறந்த நாள் வரையிலான அவருடைய வருமானத்துக்கு அவர் பான் எண்ணிலும், அதன் பிறகான குடும்ப ஓய்வூதியத்துக்கு அம்மாவின் பான் எண்ணிலும். அப்பாவின் ரிட்டர்னைத் தாக்கல் செய்ய, வருமான வரித் துறை இணையதளத்தில் சட்டப்பூர்வ வாரிசாக முதலில் பதிவு செய்யவேண்டும். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.