கதியாலில் தொடங்கும் காடு

மன்னார்த் தீவின் தென்கரையில் தம்பபவனி மின்நிலையத்தின் 30 காற்றாலைகளைச் சுழற்றும் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று, தோட்டக்காரருக்குப் பகை. வைகாசி முதல் புரட்டாதி வரை மிளகாய்க் கன்றுகள் மேல் மணலை வாரி அடிக்கும். இறைத்த தண்ணீரில் மணல் விழுங்கியது போக, மிச்சத்தைக் காற்று உலர்த்திவிடும்.

மரம் நடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பனை காய்க்க 12, 15 வருடம் வேண்டும். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் போரில் இடம்பெயர்ந்தவர்களும் திரும்பி வந்து வாழும் கரையில், கால் ஏக்கர்காரர் அத்தனை காலத்தை நம்பி நிலம் ஒதுக்குவாரா? பயிரோடு மரம் வளர்ப்பதை வேலியிலிருந்து தொடங்கலாம் என்பேன். வேலி எப்படியும் அடைத்தே ஆகவேண்டும். ஆடு மாடு போதாதென்று இங்கே கட்டாக்காலிக் கழுதைகளும் உண்டு.

கதியால் என்பது நட்டால் வேர்விடும் கிளைத்தடி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, கிளிரிசீடியா எல்லாம் இதற்கு ஆகும். உப்புக்காற்றுக்குப் பூவரசுதான் தாக்குப்பிடிக்கும். முற்றிய கிளையை ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, அடியைச் சரிவாகச் சீவி, சில நாள் நிழலில் கிடத்திவிட்டு, ஐப்பசி மழையோடு ஊன்றுவார்கள். தடியில் சேர்ந்திருக்கும் மாச்சத்தே முதல் துளிரைத் தள்ளும். வேர் பிறகுதான் வரும். ஆகவே துளிர்த்ததைப் பார்த்து ஏமாந்து அசைக்கக்கூடாது. மார்கழி மழை முடிவதற்குள் வேர் ஓடிவிட வேண்டும்.

மதிலில் மோதும் காற்று மேலே தாவி, மறுபக்கம் சுழன்று விழும். உயிர்வேலியோ சல்லடைபோலப் பாதிக் காற்றை உள்ளே விட்டு வேகத்தைத் தணிக்கும். அந்தத் தணிவு வேலி உயரத்தின் பத்து மடங்கு தூரம் வரை எட்டும். ஆறடி வேலிக்கு அறுபது அடி. சிறுதோட்டத்துக்கு அது தாராளம்.

கவ்வாத்துப் பண்ணிய குழை, ஆட்டுக்குத் தீனி. மிச்சத்தைப் பாத்தியில் தாழ்த்தலாம். அவரைக் குடும்பத்துக் கிளிரிசீடியா காற்றின் தழைச்சத்தை வேர்முடிச்சில் பிடித்துவைப்பதால் அதன் குழைக்கு மதிப்பு அதிகம். குதிரை இனத்துக்கு அது நஞ்சு, கழுதைக்குப் போடவேண்டாம். வெட்டாமல் விட்டால் வேலி பயிரின் நீரையும் வெயிலையும் பறிக்கும். தடியிலிருந்து வளர்ந்த மரத்துக்கு ஆணிவேரும் இல்லை, உயர்ந்தால் சாயும். அதனால் உயரமான காற்றுத்தடுப்புக்கு இடையிடையே பனங்கொட்டையும் புதைப்பது நல்லது.

ஊன்றுமுன் அயலவரையும் கூப்பிட்டு எல்லையில் நூல் கட்டுங்கள். ஒரு சாண் தள்ளி நட்ட கதியால் நீதிமன்றம் வரை போன கதைகள் வடக்கில் ஏராளம்.