ஒரே இன்ஜின், இரண்டு கேம்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தை விட்டு மெட்டைத் தொடுவதற்குள் வண்டி ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்ந்துவிடும். அதைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை, இடுக்கியின் ஏலத்தோட்டங்கள். இந்தச் சாலையில் ஒரு பழைய மாருதி 800 நாலு பேரையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போவதைக் கேட்டுப் பாருங்கள். வளைவில் ஃபர்ஸ்ட் கியர், நிமிர்ந்ததும் செகண்ட், மறுபடி வளைவு. இன்ஜின் நடுத்தரச் சுற்றுகளிலேயே மூச்சைப் பிடித்து இழுக்கும். டாப் ஸ்பீடு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

வடக்கே, பாலக்காட்டிலிருந்து வாளையாறு வழியாகக் கோவைப் பக்கம் வந்தால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2003இல் திறந்த அந்தப் பந்தயத் தடத்துக்கு வைத்திருப்பது கோவைக்காரரான எஸ். கரிவர்தனின் பெயர். மாருதி 800இன் அதே 796 சி.சி. இன்ஜினை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தி, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டியவர் அவர். ஃபார்முலா மாருதி என்று பெயரெடுத்த அந்தப் பந்தயத்தில் தொடங்கித்தான் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் வரை போனார். தடத்தில் ஓடும்போது இன்ஜினுக்கு வேலை முழுக்க மேல்சுற்றுகளில். மலையில் நல்ல பெயர் வாங்கும் குணம் அங்கே உதவாது.

கீழே இருக்கும் பிளாக்கையும் கிராங்கையும் தொடாமலே இந்தக் குணத்தைப் பெருமளவு மாற்றிவிடலாம். அதற்கான இடம் பிளாக்கின் மேல் மூடியாக உட்காரும் சிலிண்டர் ஹெட், அதற்குள் சுழலும் கேம்ஷாஃப்ட். ஒரே குடும்பத்து இன்ஜின்களுக்குள் இவற்றை மாற்றிப் போடுவது உலகம் முழுக்க நடக்கும் பட்டறை வித்தை. எது எதோடு சேரும், சேர்ந்தால் என்ன கிடைக்கும், எது போகும் என்பதை ஓட்டுகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. ஏனென்றால், 'ஹெட் மாத்திட்டா வண்டி பறக்கும் அண்ணே' என்ற ஒரு வார்த்தையை நம்பிப் பணத்தைக் கொட்டியவர்கள் மலையடிவாரத்தில் நிறைய.

கேம்ஷாஃப்ட் என்பது முட்டை வடிவப் புடைப்புகள் கொண்ட ஒரு தண்டு. ஒவ்வொரு புடைப்பும் ராக்கர் என்ற நெம்புகோலை அழுத்த, ராக்கர் வால்வைத் திறக்கும். டைமிங் பெல்ட் கேமையும் கிராங்கையும் கோத்திருக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. அந்தப் புடைப்பு எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்பதுதான் வால்வு எவ்வளவு திறக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இதில் நுட்பமான இடம் இன்டேக் வால்வு மூடும் நேரம். பிஸ்டன் கீழே போகும்போது காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சுகிறது. அடிமட்டத்தைத் தொட்டதும் வால்வை மூடிவிடுவதுதானே நியாயம் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான இன்ஜின்களில் பிஸ்டன் மேலே திரும்ப ஆரம்பித்த பிறகுதான் வால்வு மூடுகிறது. ஓடத் தொடங்கிய காற்றுக்கு வேகம் இருக்கிறது. பஸ் நகர்ந்த பிறகும் ஓடிவந்து படியில் தொற்றிக்கொள்கிறவர்களைப் போல, பிஸ்டன் திரும்பிய பிறகும் அது உள்ளே வந்துகொண்டே இருக்கும். 6000 சுற்றில் இந்த வேகம் அதிகம். அதனால் வால்வைத் தாமதமாக மூடினால் சிலிண்டர் கூடுதலாக நிறையும். 2000 சுற்றில் வேகம் குறைவு. அப்போதும் அதே தாமதம் என்றால் உள்ளே வந்த கலவையைப் பிஸ்டனே மேனிஃபோல்டுக்குள் திருப்பித் தள்ளிவிடும். இழுவை செத்துவிடும்.

பந்தயக் கேம் போட்ட வண்டி ஐடிலிங்கில் குலுங்குவதற்கும் வால்வின் நேரமே காரணம். எக்சாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே இன்டேக் திறந்துவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்த நேரம் நீண்டால், மெதுவான சுற்றில் எரிந்த புகை உள்ளே வரும் புதுக் கலவையோடு கலந்துவிடும்.

ஆக, கேம் மாற்றுவதால் சக்தி புதிதாக முளைப்பதில்லை. இருக்கும் சக்தி எந்தச் சுற்றில் கிடைக்க வேண்டும் என்பதுதான் மாறுகிறது. இதற்கு நல்ல சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. நம் 800ஐப் போலவே சுசூகி வடிவமைத்த மூன்று சிலிண்டர் காரொன்றை ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே ஜியோ மெட்ரோ என்று விற்றது. 993 சி.சி., 55 குதிரைத்திறன். 1990 முதல் 1994 வரை எக்ஸ்எஃப்ஐ என்ற சிக்கன மாடலும் வந்தது. அதே பிளாக்குக்கு அடக்கமான கேம், நீண்ட கியர் விகிதம். குதிரைத்திறன் 49ஆக இறங்கியது. மைலேஜ் நெடுஞ்சாலையில் காலனுக்கு 58 மைல் என்று அரசுச் சான்றிதழ் சொன்னது. நம் கணக்கில் லிட்டருக்கு 24 கிலோமீட்டருக்கும் மேல். பின்னாளில் அங்கே பெட்ரோல் விலை ஏறியபோது, சாதா மெட்ரோ வைத்திருந்தவர்கள் எக்ஸ்எஃப்ஐயின் கேமைத் தேடிப் பிடித்துத் தங்கள் ஹெட்டுக்குள் சொருகினார்கள். ஆறு குதிரைகளை மனமாரக் கைவிட்டு அவர்கள் வாங்கியது சிக்கனத்தை.

இனி நம் ஊர்க் குடும்பம். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இன் எஃப்8பி இன்ஜினுக்கு சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 72 மி.மீ. சிலிண்டருக்கு இரண்டு வால்வு, மொத்தம் ஆறு. 2000இல் ஆல்டோவில் வந்த எஃப்8டிக்கும் அதே 68.5, அதே 72. ஆனால் ஹெட் புதிது. சிலிண்டருக்கு நான்காக மொத்தம் 12 வால்வு, கார்புரேட்டருக்குப் பதில் எம்பிஎஃப்ஐ, அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் அமைப்பு. பிற்காலத்து ஆறு வால்வு 800 தந்தது 5000 சுற்றில் 37 குதிரைத்திறன், 12 வால்வு ஆல்டோ 6200 சுற்றில் 46.

கேட்டதும் ஆசை வரும். ஆனால் அடுத்த எண்ணையும் பார்க்க வேண்டும். இழுவையைத் தரும் முறுக்குவிசை ஆறு வால்வில் 59 நியூட்டன் மீட்டர், அதுவும் 2500 சுற்றிலேயே. 12 வால்வில் 62, ஆனால் 3000 சுற்றில். குதிரைத்திறன் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, முறுக்குவிசையோ இருபதில் ஒரு பங்குதான். கூடிய குதிரைகள் எல்லாம் மேல்சுற்றில் இருக்கின்றன. வாளையாறு நெடுஞ்சாலையில் லாரியை ஓவர்டேக் செய்ய அவை உதவும். போடிமெட்டின் ஒன்பதாவது வளைவில் செகண்ட் கியரில் திணறும்போது அவை எட்டிக்கூடப் பார்க்காது. மலையில் மட்டுமே ஓடும் வண்டிக்கு 12 வால்வு ஹெட் தேடி அலைவது வீண் செலவு என்றே நான் சொல்வேன்.

விட்டமும் ஓட்டமும் ஒன்று என்பதால் ஹெட் அப்படியே உட்கார்ந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. போல்ட் துளைகள், தண்ணீர் வழி, ஆயில் வழி, பெல்ட் புல்லியின் வரிசை எல்லாம் பொருந்த வேண்டும். ஓட்டம் மட்டும் ஒத்துப்போவதும் ஏமாற்றும். முதல் ஜிப்ஸியின் நான்கு சிலிண்டர் எஃப்10ஏக்கும் ஓட்டம் 72 மி.மீ.தான், விட்டம் 65.5. ஒரே இன்ஜின் போட்ட 800க்கும் ஆம்னிக்கும் இடையிலேயே பார்க்க வேண்டியது உண்டு. 800இல் இன்ஜின் முன்புறம் குறுக்காக நின்று முன்சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஆம்னியில் முன்சீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு பின்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதனால் மேனிஃபோல்டு, டிஸ்ட்ரிபியூட்டர், குழாய்கள் திரும்பும் திசை எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

எம்பிஎஃப்ஐ ஹெட் என்றால் அதோடு கம்ப்யூட்டர், சென்சார்கள், டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப், வயரிங் எல்லாமே கூட வர வேண்டும். அதற்கு முழு இன்ஜினையே மாற்றிவிடலாம். விவரமான மெக்கானிக்குகள் பெரும்பாலும் அதைத்தான் சொல்வார்கள்.

ஹெட் மாறும்போது சத்தமில்லாமல் மாறுவது சுருக்க விகிதம், அதாவது பிஸ்டன் மேலேறும்போது கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்ற கணக்கு. 796ஐ மூன்றால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 265 சி.சி. விகிதம் 9 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் 33 சி.சி. சொச்சம். இதில் கேஸ்கெட்டை அரை மில்லிமீட்டர் மெலிதாகப் போட்டால் போதும், இரண்டு சி.சி.க்குச் சற்றுக் குறைவாக இடம் சுருங்கி, விகிதம் 9இலிருந்து ஏறத்தாழ 9.5க்கு ஏறிவிடும். கோணிப்போன ஹெட்டை லேத்துப் பட்டறையில் ஃபேசிங் செய்தாலும் இதே கதை.

மலைநாட்டில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மூணாறு உயரத்தில், அதாவது சுமார் 1500 மீட்டரில், காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். 2000 மீட்டரைத் தாண்டும் கொழுக்குமலையில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறையும். காற்று குறைந்த அளவுக்குச் சக்தியும் குறையும். கார்புரேட்டர் இதை அறியாது. கீழே அளந்த கணக்கிலேயே அது பெட்ரோலை விட, வண்டி கரும்புகை தள்ளும். எம்பிஎஃப்ஐ காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். மலை ஓட்டத்துக்கு அதன் உண்மையான நன்மை வால்வு எண்ணிக்கையைவிட இதுதான். மெல்லிய காற்றில் சுருக்க விகிதத்தைச் சற்று ஏற்றினால் இழுவை திரும்பும், இன்ஜினும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் எல்லைப்புற வண்டி மேலேயே இருப்பதில்லை. ஏலக்காய் சீசன் முடிந்து சித்திரை வெயிலில் அதே வண்டி பாலக்காட்டு ரோட்டில் ஓடும்போது, காற்று அடர்த்தியாகவும் சூடாகவும் உள்ளே வரும். பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து இன்ஜின் 'டக் டக்' என்று தட்டத் தொடங்கும். பிஸ்டனில் ஓட்டை விழுவது இப்படித்தான். மேலேயும் கீழேயும் ஓடும் வண்டிக்கு விகிதத்தைக் கம்பெனி வைத்த இடத்திலேயே விட்டுவைப்பது நல்லது.

கேமையோ ஹெட்டையோ மாற்றினால் தவறாமல் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. செய்வதைப் பார்க்கவே அழகாக இருக்கும். பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணைத் தட்டையாக அழுத்தி ஒட்டி, அதன் மேல் இரண்டு சொட்டு ஆயில் தடவுவார்கள். பழைய கேஸ்கெட்டை வைத்து ஹெட்டை இறக்கி, போல்ட்டை முறுக்கி, டைமிங் பெல்ட்டை மாட்டி, டேப்பெட்டையும் அளவுக்கு வைப்பார்கள். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே மெல்ல இரண்டு முழுச் சுற்று. கிராங்க் இரண்டு சுற்றினால்தான் கேம் ஒரு சுற்றை முடிக்கும். நடுவில் எங்காவது கை தடைப்பட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வால்வு பிஸ்டனில் முட்டுகிறது என்று அர்த்தம். ஹெட்டைத் தூக்கினால் களிமண்ணில் வால்வுகள் பதிந்த பிறைத் தடம் தெரியும். பிளேடால் குறுக்கே அறுத்து, மிக மெலிந்த இடத்தை வெர்னியரில் பிடித்துப் பார்ப்பார்கள். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்சாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. மிஞ்சினால் நிம்மதி. எக்சாஸ்ட் வால்வு சூட்டில் நீளும், மூடிக்கொண்டு போகும் அதைப் பிஸ்டன் பின்னாலேயே துரத்தியும் வருகிறது. அதனால்தான் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம்.

தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய மகிந்திரா டீசல் ஜீப்புகளுக்கு இந்தக் கதை பொருந்தாது. அவற்றில் கேம் ஹெட்டில் இல்லை. கீழே பிளாக்குக்குள் இருந்துகொண்டு, நீண்ட தள்ளுகம்பிகள் வழியாக மேலே இருக்கும் வால்வை இயக்குகிறது. அங்கே ஹெட்டை மாற்றினாலும் வால்வின் நேரம் மாறாது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியைக் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கமாகவே உறுதி செய்தது. பழுதான ஹெட்டுக்குப் பதில் அதே மாடலின் ஹெட்டைப் போடுவது ரிப்பேர். வேறு இன்ஜினைப் போடுவதென்றால் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

சென்னை புதுப்பேட்டையிலோ உங்கள் ஊர்ப் பழைய சாமான் கடையிலோ ஹெட் வாங்கப் போகிறவர்கள் ஓர் இரும்பு அளவுகோலையும் ஃபீலர் கேஜையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அளவுகோலை ஹெட்டின் முகத்தில் நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் நிறுத்தி, அடியில் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவே மயிரிழை வெடிப்பு இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். அந்தக் காலத்துச் சுசூகி ஹெட்டுகள் பலவற்றில் கேமுக்குத் தனி பேரிங் கிடையாது, அலுமினியத் துளையிலேயே நேரடியாகச் சுழலும். அந்தத் துளையில் கோடு விழுந்திருந்தால் ஆயில் அழுத்தம் நிற்காது. கேமை வாங்கினால் அதோடு ஓடிய ராக்கர்களையும் கேட்டு வாங்குங்கள். ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய முகங்கள் அவை. வேறு ராக்கரோடு சேர்த்தால் புடைப்பின் மூக்கு சீக்கிரமே மழுங்கிவிடும்.