பள்ளிக் கணினிக்கு ஒரு பூட்டு

மாணவர்கள் பழகும் கணினியிலேயே எமிஸ் பணியும் செய்யலாமா? வாசுதேவநல்லூர் ஒன்றியத்தில் சக ஆசிரியர்கள் அடிக்கடி கேட்பது இது. செய்யலாம், பூட்டு இருந்தால். பதிவிறக்கிய பட்டியல்களில் பிள்ளைகளின் ஆதார் எண்ணும் பெற்றோரின் கைபேசி எண்ணும் இருக்குமே!

முதலில் மாணவர்களுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு தொடங்குங்கள். பிறகு ஸ்டார்ட் மெனுவில் ‘லோக்கல் செக்யூரிட்டி பாலிசி’ எனத் தேடித் திறங்கள். இது விண்டோஸ் புரோ பதிப்பில் உண்டு. ஹோம் பதிப்பில் இல்லை. அங்கே ‘அக்கவுண்ட் பாலிசீஸ்’ பகுதியில், கடவுச்சொல்லுக்குக் குறைந்தது 12 எழுத்துகள் என்றும், 5 முறை தவறினால் கணக்கு 15 நிமிடம் பூட்டிக்கொள்ளும் என்றும் அமையுங்கள்.

இந்த விதி பழைய கடவுச்சொல்லைத் தானாக மாற்றாது. அதை நாமே மாற்ற வேண்டும். மாற்றியதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்தால் பூட்டுப் போட்டும் பயனில்லை.