முதலில் தண்ணீரை அறிவோம்

சென்ற கோடையில் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி விற்பவர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மேசைமீது இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்தார். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர். மற்றொன்றில் அவர் கொண்டுவந்திருந்த ஆர்.ஓ. தண்ணீர். உலோகக் கம்பிகள் பொருத்திய சிறு கருவியை இரண்டிலும் அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினார். ஓரிரு நிமிடங்களில் எங்கள் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கியது. சேறு போன்ற ஒன்று அதில் மிதந்தது. அவருடைய தண்ணீர் தெளிவாகவே இருந்தது. "இதைத்தான் சார், அம்மா தினமும் குடிக்கிறாங்க" என்றார். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உட்கொள்ளும் என் தாயார் குவளையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் முன்பணம் கொடுக்க எழுந்துவிட்டேன்.

தடுத்தவர் எதிர்வீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை வரவழைத்து, அந்தத் தெளிந்த தண்ணீரில் போட்டார். "இப்போது இன்னொரு முறை செய்து காட்டுங்கள், தம்பி" என்றார். சற்று நேரத்தில் அதுவும் அதே நிறத்தில் கலங்கியது.

நிறம் தண்ணீரில் இருந்த அழுக்கினால் வந்ததன்று. மின்சாரம் பாயும்போது கம்பியில் உள்ள இரும்பு கரைந்து துருவாகப் பிரிகிறது. உப்புகள் கரைந்துள்ள நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். உப்பு நீக்கப்பட்ட நீரில் பாயாது. ஆகவே நல்ல கிணற்று நீரும் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். அன்று அந்தக் குவளை அளந்தது நீரின் தூய்மையை அன்று, எங்கள் அச்சத்தை.

ஒரே நோய்க்கா எல்லா மருந்தும்?

சென்னையின் தென்பகுதியில், 24 வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் வசிக்கிறோம். குடிநீர் வாரியத்தின் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். மற்றத் தேவைக்கு ஆழ்துளைக் கிணறு. இரண்டும் ஒரே நிலத்தடித் தொட்டியில் கலந்து மேலே ஏறுகின்றன. குழாய்களில் வெள்ளைப் படிவு, நுரைக்காத சோப்பு, ஈராண்டுக்கு ஒருமுறை எரிந்துபோகும் கீசர் கம்பி என்று பல குறைகள். அதனால் குடியிருப்போர் சங்கம் ஒரு பெரிய சாஃப்ட்னர் வாங்க எண்ணியிருந்தது. சாஃப்ட்னரும் ஆர்.ஓ.வும் ஒன்றுதானே என்று கூட்டத்தில் பலரும் நினைத்தோம். அவை ஒன்றல்ல.

நீரின் கடினத்தன்மைக்குக் காரணம் அதில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும். சாஃப்ட்னரில் உள்ள பிசின் மணிகள் இவ்விரண்டையும் பற்றிக்கொண்டு, ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகின்றன. மணிகள் நிரம்பியதும் அடர்ந்த உப்புக் கரைசலால் கழுவினால் மீண்டும் வேலை செய்யும். இது வடிகட்டுதல் அன்று, பண்டமாற்று. படிவு நிற்கும், சோப்பு நுரைக்கும். ஆனால் நீரில் கரைந்துள்ள மொத்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., குறையாது. கிருமியும் சாகாது. உவர்ப்பும் போகாது.

ஆர்.ஓ. வேறு வழியில் செல்கிறது. மிக நுண்ணிய சவ்வின் வழியே நீரை அழுத்தத்துடன் செலுத்தி, உப்புகளைப் பின்தங்கச் செய்கிறது. 1950களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியரான சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கிய சவ்வுதான் இம்முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கடல் நீரையே குடிநீராக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆனால் வீட்டுக் கருவிகள் பலவும் ஒரு லிட்டர் நல்ல நீர் தருவதற்கு இரண்டு, மூன்று லிட்டர் நீரைக் கழிவாக வெளியேற்றுகின்றன. தீய உப்போடு தேவையான கால்சியமும் மக்னீசியமும் நீங்கிவிடுகின்றன.

கரி வடிகட்டி குளோரின் வாடையையும் சில வேதிப்பொருள்களையும் ஈர்க்கும், உப்பைத் தொடாது. புற ஊதா விளக்கு கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும். ஆனால் கலங்கிய நீரில் அதன் ஒளி ஊடுருவாது. கொதிக்கவைத்தல் கிருமிகளைக் கொல்லும். ஃபுளோரைடை நீக்காது, நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். ஒவ்வொரு கருவியும் ஒரு குறிப்பிட்ட குறைக்கான மருந்து. குறை எதுவெனத் தெரியாமல் மருந்தை எப்படித் தேர்வது?

அறிக்கை சொன்னது

ஆசிரியரின் யோசனைப்படி மூன்று மாதிரிகளைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்தோம். ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு டி.டி.எஸ். 1,350 மில்லிகிராம், கடினத்தன்மை 620. குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500) டி.டி.எஸ்.ஸுக்கு 500, கடினத்தன்மைக்கு 200 என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் முறையே 2,000, 600 வரை அனுமதிக்கிறது. வாரியத்தின் தண்ணீரிலோ டி.டி.எஸ். 240 மட்டுமே, கடினத்தன்மை 110. ஆர்.ஓ. தேவையே இல்லாத தண்ணீர். நாங்கள்தாம் அதைக் கிணற்று நீருடன் கலந்து கெடுத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது மாதிரி எங்கள் நிலத்தடித் தொட்டியிலிருந்து எடுத்தது. அதில் கோலிஃபார்ம் கிருமிகள் இருந்தன. தெருக்குழாயில் குளோரினோடு வந்த தண்ணீர், விரிசல் கண்ட எங்கள் தொட்டியில் மாசடைந்திருந்தது. உண்மையான ஆபத்து இங்கேதான் இருந்தது. விற்பனையாளரின் குவளை அதைக் காட்டவில்லை. அவர் கையிலிருந்த டி.டி.எஸ். மீட்டரும் காட்டியிருக்காது. அந்த மீட்டர் நீரின் மின்கடத்தும் திறனை அளந்து உப்பின் அளவை மதிப்பிடுகிறது, அவ்வளவே. கிருமி, ஃபுளோரைடு, பூச்சிக்கொல்லி எதுவும் அதற்குத் தனியே புலப்படாது.

சாஃப்ட்னரைப் பற்றியும் ஆசிரியர் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். ஒரு மில்லிகிராம் கடினத்தன்மை நீங்கும்போது 0.46 மில்லிகிராம் சோடியம் நீரில் சேர்கிறது. 620ஐ 200ஆகக் குறைத்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 190 மில்லிகிராம் கூடும். அந்த நீரை இரண்டு லிட்டர் குடித்தால் 380. பெரியவர்கள் ஒருநாளில் 2,000 மில்லிகிராமுக்கும் குறைவான சோடியமே உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னதால் என் தாயார் ஊறுகாயை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. சாஃப்ட்னர் நீரைச் சமையலறைக்கும் அனுப்பியிருந்தால், விட்ட உப்பைத் தண்ணீரில் கரைத்தே கொடுத்திருப்போம்.

இறுதியில் நாங்கள் செய்தவை எளியவை. தொட்டியின் விரிசலை அடைத்துக் கழுவி, வாரியத் தண்ணீரை அதில் மட்டும் சேமித்து, சமையலறைக்குத் தனிக்குழாய் அமைத்தோம். கிணற்று நீருக்கு வேறு தொட்டி. குளியலறைக்கும் துணி துவைக்கவும் மட்டும் சிறிய சாஃப்ட்னர். அதைக் கழுவி வெளியேறும் உப்பு நீரை மழைநீர்க் குழியில் விடலாம் என்றார் குழாய்ப் பணியாளர். மறுத்துவிட்டோம், அந்தக் குழியில் இறங்குவது நாளை எங்கள் கிணற்றுக்கே திரும்பி வரும். அது பாதாளச் சாக்கடைக்குச் செல்கிறது. சமையலறையில் கரி வடிகட்டியும் புற ஊதா விளக்கும் கொண்ட கருவி போதுமானதாயிற்று.

வீட்டுக்கு வெளியே

ஆர்.ஓ. வேண்டாத பொருள் என்பது என் வாதமன்று. உவர்நீரை மட்டுமே நம்பியிருக்கும் வீட்டுக்கு அது அவசியம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு பற்களையும் எலும்புகளையும் பாதித்த காரணத்தால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அத்தகைய நீரில் டி.டி.எஸ். குறைவாக இருந்தாலும் சுத்திகரிப்பு தேவைப்படலாம். டி.டி.எஸ். என்ற ஒற்றை எண்ணை வைத்து வாங்குவதும் பிழை, மறுப்பதும் பிழை.

தேவையற்ற இடத்தில் அதைப் பொருத்துவதன் விலையை ஊர் முழுவதும் செலுத்துகிறது. 2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடைசெய்யவும், மற்ற இடங்களில் குறைந்தது 60 விழுக்காடு நீரையாவது அவை மீட்டுத் தருவதை உறுதிசெய்யவும் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. அதே கோடையில்தான் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்படி வந்த நீரிலும் பெரும்பகுதியைச் சமையலறைக் கருவிகள் சாக்கடையில் விட்டிருக்கும். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அங்கே பெருஞ்செலவில் ஆர்.ஓ. முறையில் உப்பு நீக்கப்பட்ட நீரை, வீட்டில் மீண்டும் ஒருமுறை ஆர்.ஓ. செய்து, மூன்றில் இரு பங்கை வீணாக்குவதை என்னவென்று சொல்வது?

மக்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை. தங்கள் குழாயில் வரும் நீரின் தரம் என்னவென்று தெரியாத இடத்தில்தான் அச்சம் விலைபோகிறது. மின் கட்டண ரசீதில் நாம் பயன்படுத்திய அலகு இருக்கிறது. குடிநீர்க் கட்டண ரசீதில் அந்தப் பகுதி நீரின் டி.டி.எஸ்., கடினத்தன்மை, குளோரின், கிருமிச் சோதனை முடிவு ஆகிய நான்கு வரிகள் ஏன் இருக்கக் கூடாது? உள்ளாட்சி அமைப்புகள் வார்டு வாரியாக அவற்றை மாதந்தோறும் வெளியிட்டால், வாங்க வசதியுள்ளவர் சரியான கருவியை வாங்குவார். வசதியற்றவர் தம் குழாய் நீரைக் காய்ச்சிக் குடித்தால் போதுமா என்பதை அறிந்துகொள்வார். கேன் தண்ணீருக்குச் செலவிடும் ஏழைக் குடும்பங்களுக்கு அதுவே பெரிய நிவாரணம்.

அதுவரை நாமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. கருவி வாங்குமுன் தண்ணீரைச் சோதித்துவிடுவது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் மாவட்டங்களில் பரிசோதனைக் கூடங்களை நடத்துகிறது. அதற்கான கட்டணம் கருவியின் விலையில் மிகச் சிறு பங்கே. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விற்பனையாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதில் உள்ள எந்தக் குறையை உங்கள் கருவி நீக்கும்? அதற்கு ஈடாக நீரில் எதைச் சேர்க்கும், எதை எடுத்துவிடும்? எவ்வளவு நீரைக் கழிவாக்கும்?

எங்கள் வீட்டுக்கு வந்த அந்த இளைஞரைத் தவறாகச் சொல்ல மனமில்லை. உப்பிட்ட தண்ணீர் கலங்கியபோது அவரும் வியப்போடுதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.