மணிக்கட்டு நோயும் வீட்டு வரவு செலவும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பர் பெரியோர். உழைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்குக் கைகளே அந்தச் சுவர். அக்கைகளுக்கு வரும் ஒரு நோயையும், அதனால் வீட்டு வரவு செலவில் விழும் துண்டையும் பற்றி இங்குச் சிறிது காண்போம்.

நம் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் குழிவாக அமைந்துள்ளன. அவற்றின்மேல் உறுதியான இணைப்புநார் ஒன்று பாலம்போல் கிடக்கிறது. இவற்றின் நடுவேயுள்ள குறுகிய வழியில், விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. அவ்வழியில் வீக்கம் உண்டானால் நரம்பு நசுங்குகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவை மரத்துப் போகின்றன; சுண்டுவிரல் தப்பிவிடும். இரவில் கை எரிந்து உறக்கம் கலையும். இதையே மருத்துவர்கள் 'கார்பல் டன்னல் சிண்ட்ரோம்' என்கின்றனர். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதி. நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, கருவுற்ற காலம், மணிக்கட்டை ஓயாது மடக்கிச் செய்யும் வேலை ஆகியவை இதற்கு இடங்கொடுக்கும்.

வீட்டிலிருந்தே கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கும் ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். நாளைக்கு 6 ரவிக்கை, ஒன்றுக்குக் கூலி 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வரும்படி 600 ரூபாய். விரல் மரத்து, ஊசி கோக்க முடியாமல் 4 மட்டுமே தைத்தால் நாளுக்கு 200 ரூபாய் குறையும். மாதம் 25 நாள் வேலையென்றால் 5,000 ரூபாய் போயிற்று! மருத்துவருக்கு ஒரு காசும் கொடுக்கு முன்பே நேர்ந்த நட்டம் இது. பின்னர் நரம்புச் சோதனை, மருந்து, பேருந்துக் கட்டணம், மருத்துவமனையில் காத்திருந்த நாட்களின் கூலி என்று செலவு வளரும்.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்த தொழிலாளிக்கு, விதிகளுக்கு உட்பட்டு, ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு நோய்க்கால உதவி கிடைக்கும். வீட்டில் உருப்படிக் கணக்கில் தைப்பவருக்கோ பெரும்பாலும் அந்த நிழல் இல்லை. தைக்காத நாள் கூலியில்லாத நாளே.

கணக்குப் புத்தகத்தில் ஏறாத செலவும் உண்டு. துணி பிழியவும் குடம் தூக்கவும் அம்மாவால் இயலாதபோது அவ்வேலை யார் தலையில் விழும்? நம்மைப் போன்ற மகளின் தலையில்தான். காலையில் பள்ளிக்குப் பிந்துவாள். பின்பு ஒருநாள் வரமாட்டாள். முடிவில் படிப்பே நின்றுபோகலாம். அந்த நட்டத்தை எந்த ரூபாயில் எழுதுவது?

ஆனால் தொடக்கத்திலேயே கவனித்தால் செலவு சிறிது. இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் 'ஸ்பிளிண்ட்' பட்டையே பலருக்குப் போதும். சிலருக்கு ஊசிமருந்து தேவைப்படும். முற்றினால் இணைப்புநாரை வெட்டி நரம்புக்கு இடந்தரும் சிறு அறுவை உண்டு. கையை மட்டும் மரக்கச் செய்து முடித்து, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவர். மேலும் தள்ளிப்போட்டால் பெருவிரலின் அடிச்சதை வற்றிவிடும். பிறகு அறுவை செய்தாலும் முழுப் பலம் திரும்பாமற் போகலாம்.

தோழியரே! "கை மரத்துப் போகிறது" என்று அம்மா சொன்னால், "தைலம் தேய்த்தால் சரியாகும்" என்று விட்டுவிடாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். பெற்றோரும், பிள்ளைகளின் செலவுக்கென்று தங்கள் வலியை மறைக்க வேண்டாம். வெள்ளம் வருமுன் அணை போடுவோம்.